மிஷினுக்குக் கட்டின பரிவட்டம்

பைய நான் மடியில வச்சுக்கிறேன், நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க. அந்தச் சன்னலோட மல்லுக்கட்டாதீக, அது அடைக்காது. இந்தத் தடத்துல ஓடுற ஒரு வண்டியிலயும் சன்னலு அடைக்காது.

என்ன, இதையே பாத்துக்கிட்டு வாரீக? இது ஏர் ஃபில்டரு. மரம் அறுக்குற மிஷினுக்குப் போடுறது. ஆமா, கையில தூக்கிக்கிட்டு கிர்ருன்னு அறுப்பாங்கள்ல, அந்தச் செயின் சாவுக்குத்தான். மிஷினு காத்த உள்ள இழுக்கையில மரத்தூளும் சேந்து போயிராம இது வடிகட்டி விடும். டீ வடிகட்டி மாதிரின்னு வச்சுக்கங்க. மதுரையில கடை கடையா ஏறி எறங்கி வாங்கினது. இன்னிக்கி எங்கூருல அய்யனாருக்குப் புரவியெடுப்பு, இவன் என்னடா ஃபில்டரு வாங்கிட்டுத் திரும்புறானேன்னு நெனைப்பீக. சிரிக்காதீக. யாராச்சும் சிரிச்சா எனக்கு ஆகாது.

எம் பேரு சேவுகன். கரும்பாறைப்பட்டி. எறங்கி பெரிய வீடு எதுன்னு கேட்டீகன்னா சின்னப்புள்ள கூடக் கையக் காட்டும். புரவியெடுப்புல மொதப் பரிவட்டம் எங்க வீட்டுத் தலைக்கித்தான். எங்கய்யா, எங்கப்பா, இப்ப நானு. வேளாரு செஞ்ச மண்ணு குதிரையெல்லாம் அவரு வீட்டு முன்னால வரிசையா நிக்கும். தூக்குறவன் எல்லாம் தோள்ல துணியப் போட்டு ரெடியா நிப்பான். எந் தலையில பரிவட்டம் ஏறுற வரைக்கும் ஒரு குதிரை கோயிலுக்கு நகரக் கூடாது.

அதுல ஒரு சங்கதி இருக்கு. வேளாரு தட்டுல வச்சு நீட்டுவாரு. நம்மளா எடுத்துக் கட்டிக்கிறக் கூடாது. பங்காளி தொடக் கூடாது. மாமன் மச்சான் முறையில ஒருத்தன் அந்தப் பட்டுத் துணிய எடுத்து, நெத்தியச் சுத்திக் கொண்டாந்து, பின்னந்தலையில முடிச்சுப் போடணும். முறைக்காரன் இல்லாம ஒத்தையில வந்து நின்னா, தட்டு அடுத்த பங்காளிக்கிப் போயிரும். அது ஆண்டிச்சாமிப் பய. சின்ன வீட்டுக்காரன். அவனுக்குப் பொண்ணுக ஏகப்பட்டது, மருமகனுக வரிசையில நிப்பாங்ஙெ. எனக்குக் கட்டுறவன் எந் தங்கச்சி புருசன் நல்லமணி. கலியாணம் ஆன வருசத்துல இருந்து அவந்தான் கட்டுறான். இந்த வருசம் அவன் வர மாட்டேங்கிறான். இன்னிக்கி வெளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள எந் தலையில அது ஏறுமா ஏறாதாங்கிறதுதான் இப்பப் பேச்சு. இம்புட்டுக்கும் காரணம் இந்த வடிகட்டி.

என்னையக் கோவக்காரன்னு சொல்லுவாங்ஙெ. சொல்லட்டும். கோவம் இருக்கிற எடத்துலதான் கொணம் இருக்கும். நான் அடிச்ச ஆள் அம்புட்டுப் பேரும் எனக்கு ஒறவுக்காரந்தான், வெளியாள ஒருத்தனைத் தொட்டதில்ல. அத யாரும் சொல்ல மாட்டாங்ஙெ.

மிஷினு என்னோடது. மலை மேல ஒரு எஸ்டேட்டுல பழசாப் போச்சுன்னு ஏலத்துல விட்டப்ப நான் எடுத்தேன். பழைய காலத்து மாடலு. நல்லாத் தூக்கித் தூக்கி ஓட்டணும், கனம். ஆனா தேக்க வெண்ணெய் மாதிரி அறுக்கும். நான் போயி மரம் பேசுவேன், நல்லமணி அறுப்பான். பேச்சுன்னா லேசுன்னு நெனைக்காதீக, தொண்டத் தண்ணி வத்திப் போகும். அவனுக்கு என்ன, மிஷினு பாட்டுக்கு அறுக்குது, இவன் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதானே.

அவன் வாயில்லாப் பூச்சி. மச்சான்னு கூப்பிட்டா அதுக்கப்பறம் ஒரு வார்த்தை வர அரை நாளாகும். ஆனா அந்த மிஷினுக்கு அவன் பாக்குற பண்டுவம் இருக்கே, எனக்குப் பத்திக்கிட்டு வரும். வேலை முடிஞ்ச கையோட உக்காந்துருவான். மொதல்ல சோக்க இழுத்து வைப்பான். ஏண்டான்னா, மூடியத் தெறக்கையில தூளு கார்ப்ரேட்டருக்குள்ள விழுந்துருமாம். அப்பறம் மூடி, அப்பறம் ஃபில்டரு. உள்ளங்கையில பையத் தட்டுவான், சோப்புத் தண்ணியில அலசுவான், வெயிலுக்கு நேராத் தூக்கி, எங்கயாச்சும் ஓட்டை விழுந்திருக்கான்னு புள்ளைக்கிப் பேனு பாக்குற மாதிரிப் பாப்பான். நாங்க எல்லாம் சாப்புட்டு எந்திரிச்சிருப்போம், இவன் இன்னும் ஃபில்டரக் காய வச்சுக்கிட்டு இருப்பான்.

ஒரு நா எனக்குப் பொறுக்கல. அதப் புடுங்கிட்டுப் போயி ரோட்டுப் பக்கம் பஞ்சர் கடையில குடுத்தேன். லாரி டயருக்குக் காத்தடிக்கிற கொழாய வச்சு விட்டான் பாருங்க ஒரு அடி. உள்ள இருந்த தூளு அம்புட்டும் தெறிச்சு ஓடிருச்சு. கண்ணாடி மாதிரி ஆகிப்போச்சு. 'இந்தாடா, இதுக்குப் போயி அரை நாளு உக்காந்திருப்பியே'ன்னு அவன் கையில குடுத்தேன். குடுத்து ரெண்டு நாளு ஆகல, வலை பிஞ்சு போச்சு மச்சான்னு கொண்டாந்து நீட்டுறான். நான் எப்புடிக் குடுத்தேன், அவன் எப்புடிக் கொண்டாந்தான்? அவ்வளவு முரட்டுத்தனமா ஓட்டியிருக்கான். அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது.

புதுசு வாங்கணும்கிறான். கடையில கேட்டா, இந்த மாடலையே கம்பெனிக்காரன் நிப்பாட்டிட்டான், சாமான் வராது, மிஷின மாத்துங்கன்னு சொல்றாங்ஙெ. ஒரு சல்லடைக்கு மிஷினையே மாத்துவாகளா? செருப்புக்குத் தக்கன காலை வெட்டுற கதை. 'இல்லாமலே ஓட்டுடா'ன்னேன். 'தூளு உள்ள போனா பிஸ்டன் கீறிப்போகும் மச்சான்'ங்கிறான். பொறந்ததுல இருந்து தூசியிலதான் கெடக்கோம், நம்ம மூக்குல என்ன ஃபில்டரா மாட்டியிருக்கோம்? நாம பொழைக்கல?

கேக்க மாட்டான். பழைய ஃபில்டரு கூட்டுல ஒவ்வொண்ணா ஒட்டிப் பாத்தான். கொசுவலைய வெட்டி ஒட்டுனான். கண்ணு பெருசு, தூளு உள்ள போயிருச்சு. தலகாணி ஸ்பாஞ்ச வெட்டி வச்சான். பெட்ரோல் பட்டுப் பட்டு அது மாவா உதுந்து, அதுவே உள்ள போயிருச்சு. எம் பழைய வேட்டியக் கிழிச்சு வச்சான். பருத்தித் துணி ஆயிலக் குடிச்சு அடைச்சுக்கிருச்சு. காத்து இல்லாம மிஷினு கரும்புகையாக் கக்கும், பெட்ரோலக் குடிக்கும், அழுத்திப் பிடிச்சா இருமிட்டு நின்னுரும்.

அப்படித்தான் ஒரு புளியமரத்துல நின்னுச்சு. பாதி அறுத்தாச்சு. நான் தள்ளி நின்னு தோப்புக்காரருகிட்ட அடுத்த மரத்தைப் பேசிக்கிட்டிருக்கேன். மிஷினு சத்தம் நின்னு போச்சேன்னு திரும்புனா, அடிமரம் நெட்டுக்குப் படார்னு பொளந்து, பின்பக்கம் எத்தி ஒசக்க வருது. நல்லமணி மூஞ்சியில வாங்கிட்டான். முன்பல்லு போச்சு. ஒதடு ரெண்டாத் தொங்குது. அத விடுங்க, மிஷினுல அந்த நீளமான பாரு இருக்கே, செயினு ஓடுற தகடு, அது மரத்துல மாட்டி வளைஞ்சு போச்சு. பழைய மாடலு பாரு எங்க கெடைக்கும்? எனக்கு வந்த ஆத்திரத்துல ஓங்கி ஒரு அறை விட்டேன். ரத்தமா இருந்துச்சா, கை வழுக்கிக் காதுல போயிப் பட்டுருச்சு. அன்னிக்கி இருந்து அந்தக் காது கொஞ்சம் மந்தம். மிஷினுக்காரனுக்குக் காது மந்தமா இருக்கிறது நல்லதுதான், அந்தச் சத்தத்துல.

ஆனா பாருங்க, அவன் ஒதட்டுத் தையலப் பிரிச்சுட்டு வந்து நின்ன பொறகு மிஷினு சூப்பரா ஓட ஆரம்பிச்சுருச்சு. வளைஞ்ச பாரத் தட்டி நிமித்தியிருக்கான், பொகை இல்ல, இருமல் இல்ல. தொட்டா அறுக்குது. 'என்னடா செஞ்ச?'ன்னேன். 'ஒங்க தங்கச்சி ஒரு துணி குடுத்துச்சு மச்சான், நல்லாப் புடிக்குது'ன்னான். பல்லு போனதுல பேச்சு வேற காத்தாப் போகுது. சரி, அடிச்சாத்தான் புத்தி வருது, அடியாத மாடு படியாதுன்னு நெனைச்சுக்கிட்டேன். என்ன துணின்னு கேக்கல. அதுதான் நான் செஞ்ச தப்பு. வேற ஒரு தப்பும் நான் செய்யல.

எங்கூருக் கண்மாய்க்கரையில ஒரு வாகை. வயசான மரம், பஞ்சாயத்துல ஏலம் விட்டாங்ஙெ, எடுத்தேன். அன்னிக்கிப் பாத்து ஊருல பாதிப்பேரு கரையில நிக்கிறான். ஆண்டிச்சாமியும் வந்து, துண்ட விரிச்சு உக்காந்திருக்கான். வாகைத்தூளு மூக்குல ஏறுனா தும்மி மாளாது, அவ்வளவு நைஸு. நல்லமணி மரத்தைச் சாச்சுட்டு, மிஷின அமத்தி, சோக்க இழுத்து, மூடியக் கழட்டி, ஃபில்டர எடுத்துத் தட்டுறான். வெயிலுக்கு நேராத் தூக்கிப் பாக்குறான்.

அரக்குக் கலரு. ஓரத்துல சரிகை மின்னுது.

எனக்கு முன்னால ஆண்டிச்சாமி பாத்துட்டான். எந்திரிச்சு வந்து, கண்ணுக்கு மேல கைய வச்சுக்கிட்டு, 'ஏப்பா சேவுகா, இது ஒங்கப்பா தலையில இருந்த பரிவட்டமுல்ல? இந்த வருசம் மிஷினுக்குத்தான் மொத மரியாதையா? அப்ப ஒனக்கு என்னத்தக் கட்டுறது, செயினையா?'ன்னான்.

ஊரே சிரிச்சுச்சு. கண்மாய்க்கரையில நின்ன ஆம்பளை, பொம்பளை, மாடு மேய்க்க வந்தது, அம்புட்டும் சிரிச்சுச்சு. எனக்கு மானம் போச்சு. இப்பச் சொல்லையில கூட எனக்கு நெஞ்சு கொதிக்குது, கைய வச்சுப் பாருங்க.

அந்தப் பட்டு எப்புடி அவன் கைக்கிப் போச்சுன்னு கேளுங்க. எங்கப்பா செத்தப்ப பஞ்சவர்ணம், எந் தங்கச்சி, ஏதாச்சும் குடுண்ணேன்னு நின்னா. நெலமெல்லாம் பொம்பளைப் புள்ளைக்கி எதுக்கு? அப்பாவோட தகரப்பெட்டிய எடுத்துக்க ஆத்தான்னு மனசாரக் குடுத்தேன். உள்ள அப்பா கட்டுன பட்டு இருந்துச்சு. அசல் பட்டு, இப்ப வர்றது மாதிரி இல்ல. குடுத்துட்டேன், அவளோடதுதான், இல்லைங்கல. அவளோடதுன்னா வெட்டலாமா?

நான் மொதல்ல கோடாலிக் காம்பாலதான் அடிச்சேன். காம்பு கையில இருந்துச்சு. முதுகுல ரெண்டு, முட்டியில ஒண்ணு. அவன் விழுந்துட்டான். விழுந்தவன் எம் மூஞ்சியப் பாத்து, 'மச்சான், பட்டுலதான் காத்துப் போகுது, தூளு நிக்கிது'ங்கிறான். அந்த நேரத்துல சொல்ற பேச்சா இது? 'எங்கப்பன் தலையில கட்டுன துணியில ஒனக்கு என்னடா காத்து'ன்னு நெஞ்சுல ஒரு மிதி. ரெண்டு பேரு என்னையப் பிடிக்க வந்தாங்ஙெ. கோடாலியத் திருப்புனேன், வெலகிட்டாங்ஙெ.

பரிவட்டத்தை வெட்டுன கை எதுடான்னேன். அவன் கண்ணு மிஷினு பக்கம் போகுது. எதுடான்னேன். வலது கைய நீட்டுறான். அவனா நீட்டுனான், கேட்டுக்கங்க. நான் பிடிச்சு இழுக்கல. வாகை அடிக்கட்டை புதுசா அறுத்தது, ஈரமா, மேடை மாதிரி இருக்கு. அதுல வச்சான். நான் கோடாலிய ஓங்கிப் போட்டேன். வாய்ப் பக்கம் இல்லீங்க! பின்பக்கம். மொட்டைப் பக்கம். வாய்ப் பக்கமாப் போட்டிருந்தா கை அங்கனயே துண்டாப் போயிருக்கும். அவ்வளவு ஆத்திரத்துலயும் கோடாலியத் திருப்பிப் போட்டேனே, அத யாராச்சும் சொல்றானா? வெரலு நொறுங்குற சத்தம் பச்சை முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி கேட்டுச்சு. ஒரு தடவையில மனசு ஆறல. இன்னொண்ணு போட்டேன்.

சத்தம் கேட்டு பஞ்சவர்ணம் ஓடி வந்தா. அவ வீடு கரைக்கிக் கீழதான். வந்தவ புருசன் கையத் தன் மடியில வச்சுக்கிட்டு, என்னையப் பாத்து, 'நாந்தாண்ணே வெட்டிக் குடுத்தேன், அவரு இல்ல. எங்கப்பன் துணி எம் புருசன் உசுரக் காப்பாத்தட்டும்னு நாந்தான் வெட்டுனேன். இவரு வேண்டாம்னாரு'ன்னா.

அத முந்தியே சொல்லியிருந்தா அவன் கையில ஏன் போடப் போறேன்? தப்புச் செஞ்சவ ஒருத்தி, அடி வாங்குனவன் ஒருத்தன், நடுவுல பழி எம் மேல. அவளுக்கும் ஒண்ணு விட்டேன். ஒரே ஒரு அறை, கூடப்பொறந்தவன்கிற உரிமையில. அவ கட்டையில போயி விழுந்து புருவத்துல வெட்டு. ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குது, தொடைக்கக் கூட இல்ல. அப்படியே எந்திரிச்சு நின்னு, 'இனிமே ஒந் தலையில எவன் கையி கட்டுதுன்னு நான் பாக்குறேன்'ன்னா. அண்ணேங்கல. அதுதான் எனக்கு இன்னமும் அறுக்குது. அத்தனை நாளு அண்ணே அண்ணேன்னு வாய் வலிக்கக் கூப்பிட்டவ.

மதுரை பெரியாஸ்பத்திரியில, மரம் விழுந்துருச்சுன்னு நல்லமணி எழுதிக் குடுத்தானாம். கேசு இல்ல. ஏன் குடுக்கல? தப்புத் தன் பக்கம்னு அவன் மனசுக்குத் தெரியும். வேற என்ன? அங்கனயே வீடு பிடிச்சு இருந்துட்டாங்ஙெ. எம் பொண்டாட்டியும் ரெண்டு நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வாரேன்னு போனா, அங்க என்னமோ வேலையாம், இன்னும் வரல.

மிஷினு என்ன ஆச்சா? அந்தப் பட்டப் பிச்சு எறிஞ்சுட்டு, இல்லாமலே நான் ஓட்டுனேன். கொஞ்ச நாள்ல உள்ள இரும்ப இரும்பு பிறாண்டுற மாதிரி ஒரு சத்தம். இப்ப இழுத்தா இழுபடாது. பழசு தானே, அதுக்கும் ஆயுசு முடிஞ்சிருக்கும்.

சரி, புரவியெடுப்பு சாட்டியாச்சு. மாமன் மச்சானுக்கா பஞ்சம்னு நெனைச்சேன். எம் பொண்டாட்டியோட அண்ணனைக் கேட்டேன், கை சுளுக்குன்னுட்டான். பெரியம்மா மகள் புருசனைக் கேட்டேன், அவனுக்கும் கை சுளுக்கு. தெக்குத்தெரு மச்சான், அந்த ஆளு நேத்து வரைக்கும் ஏரு பூட்டுனவரு, நான் வாசல்ல நிக்கிறதைப் பாத்துட்டு உள்ள போயி கையில துண்டச் சுத்திக்கிட்டு வெளிய வாராரு. எங்கூரு மச்சான்மாருக்கெல்லாம் ஒரே வாரத்துல கை சுளுக்குங்க! நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீகளா? என்னமோ தண்ணியில கோளாறு போல.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. ஒறவு விட்டுப் போகுமா? நீரடிச்சு நீரு வெலகுமா? நல்லமணிக்கி என்ன கொறை? ஃபில்டரு இல்லாததுதானே அவனுக்குக் கொறை. அத வாங்கிக் குடுத்துட்டா அவன் மனசு ஆறிப் போகும். நான் எறங்கி வாரேன்ல? பெரிய வீட்டுக்காரன் எறங்கி வந்தா அதுக்கு மேல என்ன வேணும் அவனுக்கு? அதான் இன்னிக்கிக் காலையில மொத பஸ்ஸுக்கே கெளம்பி, பழைய ஃபில்டரு கூட்டக் கையில வச்சுக்கிட்டு, மதுரையில ஒரு சந்து விடல. ஒருத்தன் என்னையத் தொல்பொருள் ஆபீசுக்குப் போகச் சொன்னான். அவன் சட்டையப் பிடிச்சேன், அப்பறம் மரியாதையா இன்னொரு கடையக் காட்டி விட்டான். அங்க இது இருந்துச்சு. கம்பெனி இல்ல, நம்மூரு அச்சுதான், ஆனா வலை நல்ல வலை.

நேரா அவுக வீட்டுக்குப் போனேன். நல்லமணி கட்டில்ல உக்காந்திருக்கான். வாங்க மச்சான்னான். பாத்தீகளா, ஒறவு இருக்கு! ஃபில்டர எடுத்து அந்தக் கையிலயே குடுத்தேன். கீழ விழுந்துருச்சு. வெரலு மடங்கலை. குச்சி குச்சியா நிக்கிது, ஒண்ணு ஒரு தினுசாத் திரும்பிக் கெடக்கு. இடது கையால எடுத்து, சன்னலு வெளிச்சத்துல வச்சுப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். 'நல்ல ஃபில்டருதான் மச்சான். ஓரத்துல லேசா அரம் போட்டா ஒக்காந்துரும்'னான். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நெசமாச் சொல்றேன். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாக.

'அப்பக் கெளம்பு மாப்ள, பொழுது எறங்குறதுக்குள்ள போயிரணும்'னேன். அவன் கைய நீட்டிக் காட்டுறான். 'சுத்திருவேன் மச்சான். முடிச்சுப் போட முடியாது'ங்கிறான். நீ சும்மா பேருக்குத் தலையில வையி, நான் பின்னால பிடிச்சுக்கிறேன்னேன். அதுக்குள்ள அவ உள்ள இருந்து வாரா. புருவத்துல தழும்பு. என்னையப் பாக்கல. ஃபில்டர வாங்கி எம் பையில போட்டு, என்னையத் தோளப் பிடிச்சு வெளிய தள்ளி, கதவச் சாத்திக்கிட்டா. கூடப்பொறந்தவனை! அந்தக் கதவ மிதிச்சேன் பாருங்க. ஒரு பலகை உள்ள போயிருச்சு, எதுத்த வீட்டுக்காரங்ஙெ எல்லாம் வந்துட்டாங்ஙெ, போலீசுக்குப் போனு போடுறேங்கிறாங்ஙெ. எனக்குத்தான் பெருவெரலு வீங்கிப் போச்சு. இந்தா பாருங்க, செருப்புக்குள்ள போக மாட்டேங்குது. யாருக்கு நட்டம்?

ஆண்டிச்சாமி இந்நேரம் குளிச்சுப் பட்டு வேட்டி கட்டியிருப்பான். கொட்டுக்காரங்ஙெ வந்திருப்பாங்ஙெ. வேளாரு தட்டத் தொடைச்சு வச்சிருப்பாரு. நான் ஒத்தையில போயி நிக்கணும். ஊரு எம் பின்னால பாக்கும், யாரு வாராகன்னு. ஒருத்தனும் இருக்க மாட்டான். அப்பறம் ஆண்டிச்சாமி மொத்தமாச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு மட்டும் வந்துச்சு, அங்க ஒரு கொலை விழும். சொல்லிப்புட்டேன்.

அது கெடக்கட்டும். நீங்க எந்த ஊருன்னு கேக்கவே இல்லையே நான். ஓகோ. ஒங்க ஆத்தா பொறந்த ஊரு? அட! எங்க சின்னாத்தா வீட்டுக்கு அந்தப் பக்கந்தான் பொண்ணெடுத்திருக்கு. அப்படிச் சுத்தி வந்தா நீங்க எனக்கு மச்சான் முறையில வருவீக. என்ன ஆளுகளா இருந்தா என்னங்க, யாரு கேக்கப் போறா? கேட்டா நான் சொல்லிக்கிறேன். பெரிய வீட்டுக்காரன் இவரு எம் மச்சான்னு சொன்னா இவரு எம் மச்சாந்தான், எவன் இல்லைங்கிறான்னு பாப்போம். ஒண்ணும் பெரிய வேலை இல்ல. தட்டுல இருந்து எடுத்து, நெத்தியில சுத்தி, பின்னால ஒரு முடிச்சு. சாப்பாடு எங்க வீட்டுல. காலையில மொத பஸ்ஸுல ஏத்தி விட்டுர்றேன்.

எங்க எந்திரிக்கிறீக? ஒங்க ஊரு தாண்டித்தானே இருக்கு, அதுக்கு முன்னால எங்கூரு. உக்காருங்க. கண்டக்டரை எதுக்குப் பாக்குறீக, அவன் நம்ம பயதான். எங்க, அந்தக் கையக் குடுங்க பாப்போம். வலது கைய. ஒங்களுக்குச் சுளுக்கு கிளுக்கு ஒண்ணும் இல்லையே? வெரல மடக்குங்க. இந்தா, நல்லா மடங்குது! அப்பறம் என்ன?

கைய இழுக்காதீக மச்சான்.